ஆறு துப்பாக்கிகளும் அரைக் கிலோ புளியும்

மிருணாளினி கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்த காகிதத்தில் ஆறு துப்பாக்கிகள் இருந்தன.

படமாக அல்ல, பட்டியலாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, வரி, நீளம், அகலம், எடை, புதியவருக்கு ஒத்துவருமா, இடுப்பில் செருகினால் சட்டைக்கு வெளியே தெரியுமா என்று கட்டம் கட்டமாகப் போட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் கொடுத்திருந்தது. நான்காவது வரிசைக்கு மட்டும் பச்சை வண்ணம். தலைப்பில், ‘முதல் துப்பாக்கி - பட்ஜெட் - ஃபைனல் - வெர்ஷன் 3’ என்று இருந்தது.

“என் ஹஸ்பண்டோட ஜீன்ஸ் பாக்கெட்ல இருந்துச்சு மேடம். துவைக்கப் போடும்போது பார்த்தேன்” என்றாள் மிருணாளினி.

சந்திரவதனா காகிதத்தைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே படித்தார். ஐம்பத்து நான்கு வயதாகிறது அவருக்கு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். முதுகு போய்விட்டது, அசைய முடியவில்லை என்று நஷ்டஈடு கேட்டவர்களைப் பின்தொடர்ந்து போய், அவர்கள் வீட்டுக் கூரையில் ஏறி இலை அள்ளுவதைப் படம் பிடித்துவருவதுதான் வேலை. அது அலுத்துப்போன பிறகு தனியார் விசாரணைக்கான உரிமம் வாங்கி, சிட்னியில் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கொத்து ரொட்டிக் கடையின் மாடியில் சொந்தமாக அலுவலகம் போட்டுவிட்டார். கீழே தட்டுகிற சத்தம் மேலே கேட்கும். ரகசியம் பேச வருகிறவர்களுக்கு அது ஒரு வகையில் வசதி.

சொத்து என்று பார்த்தால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு உதவியாளன். உதவியாளன் பெயர் நவீன்ராஜ். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஹோட்டல் நிர்வாகம் படிக்க வந்து, படிப்பை ஒழுங்காக முடித்து, நிர்வகிக்க ஒரு ஹோட்டல் மட்டும் அகப்படாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். பேசாமல் இருப்பதற்குத் தனிச் சம்பளம் கொடுத்தாலும் நஷ்டத்துக்குப் பேசுகிற ரகம்.

“எல்லாத்துக்கும் ‘சட்டப்படி ஓகே’ன்னு டிக் போட்டிருக்காரு பாஸ். போலீஸ்காரங்க யாரும் இந்த ஷீட்டைப் பார்க்கல போல லா” என்றான் இப்போதும்.

சந்திரவதனா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

மிருணாளினி தன் கணவனைப் பற்றிச் சொன்னாள். பெயர் பிரதீப்குமார், வேலை ஐ.டி. எதை வாங்குவதானாலும் ஷீட் போட்டுத்தான் வாங்குவான். வாஷிங் மெஷினுக்கு நான்கு மாதம் ஷீட் போட்டான், அந்த நான்கு மாதமும் அவள் கையால் துவைத்தாள். மிக்ஸிக்கு இரண்டு மாதம். ஆனால் தலைப்பில் ஃபைனல் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் மறுவாரமே சாமான் வீட்டுக்கு வந்துவிடும். இதுவரை ஒரு ஃபைனலும் தவறியதில்லை. அதனால்தான் பயந்து ஓடி வந்திருக்கிறாள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு மாதமாகச் சனிக்கிழமைகளில் பதினோரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஜிம்முக்குப் போகிறேன் என்கிறான். ஜிம் அட்டை பிப்ரவரியிலேயே காலாவதியாகிவிட்டது. போகும்போது சட்டைக்கு அடியில் வலது இடுப்பில் ஏதோ புடைத்துக்கொண்டிருக்கிறது. என்ன என்று கேட்டால் ஹெர்னியா என்கிறான்.

“நான் பல் டாக்டர்தான். ஆனாலும் ஹெர்னியா எங்க வரும்னு எனக்குத் தெரியும் மேடம். பெல்ட்டுக்கு மேல நாலு மூலையோட வராது” என்றாள்.

பல் டாக்டர் என்ற சொல்லை அவள் சொல்லும்போது குரல் நிமிர்ந்தது. கோயம்புத்தூரில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு கணவன் விசாவில் வந்து, நான்கு வருடம் யாரோ ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே படித்து, மூன்றாவது தடவைதான் இந்த நாட்டுப் பரீட்சையில் தேறினாள். போன வருடம்தான் ஒரு கிளினிக் வாசலில் அவள் பெயர்ப் பலகை ஏறியது. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவருக்கும் குடியுரிமை விழா. இந்த நேரத்தில் கள்ளத் துப்பாக்கியோடு அவன் பிடிபட்டால் ஜெயில், குடியுரிமை போச்சு, அவள் கட்டி எழுப்பிய எல்லாமும் ஆட்டம் காணும். இதையெல்லாம் கோவையாகச் சொல்லிவந்தவள் கடைசியில் நிறுத்தி, மூச்சு வாங்கினாள்.

“மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல மேடம்.”

சந்திரவதனா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, இந்த நாட்டில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற காரணத்துக்காக யாருக்கும் துப்பாக்கி உரிமம் கிடைக்காது, இடுப்பில் ஒளித்துவைத்துக்கொண்டு உலாத்த சாதாரண ஆளுக்கு வழியே இல்லை, அப்படி ஒருவன் விற்கிறான் என்றால் அவன் நல்லவனாக இருக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். மிருணாளினியின் முகம் இன்னும் வெளுத்தது. ஆறுதல் சொல்வது சந்திரவதனாவுக்கு எப்போதும் கைவராத வித்தை.

அதன் பிறகுதான் காகிதத்தைக் கையில் எடுத்தார். வரி என்று போட்டிருந்த கட்டத்தில் எட்டேகால் சதவீதம் என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில், ‘ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டி-ஷர்ட் சீசன், வெளியே தெரியும், சின்னதாக வாங்கு’ என்று பிரதீப்குமார் தனக்குத் தானே குறிப்பு எழுதியிருந்தான். அதை இரண்டு தடவை படித்தார்.

“உங்கட மனுசனுக்குக் குளிர் தாங்குமோ?”

இந்தக் கேள்வியை மிருணாளினி எதிர்பார்க்கவில்லை. “சுத்தமா தாங்காது. ஜூன் பிறந்தா மங்கி குல்லா போட்டுட்டுத்தான் தூங்குவார்” என்றாள்.

“ஓம், நல்லது” என்றார் சந்திரவதனா. எது நல்லது என்று சொல்லவில்லை. சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. “இண்டைக்குச் சனிக்கிழமைதானே. நீங்கள் வீட்ட போய் ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ. நாங்கள் பின்னால வாறம்.”

*

குவேக்கர்ஸ் ஹில்லில் மிருணாளினியின் வீட்டுக்கு எதிர்த் தெருவில் காரை நிறுத்திக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். கார் நவீன்ராஜுடையது. மாலை வேளைகளில் அதில் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுப்பதால் கூரைமேல் ஒரு சிவப்புப் பலகை ஒட்டியிருந்தது. அதைக் கழற்றும்படி சந்திரவதனா ஆறு மாதமாகச் சொல்லிவருகிறார். பீட்ஸா வண்டியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பசிதான் படுவார்கள் என்பது நவீன்ராஜின் வாதம்.

சரியாகப் பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. வெளியே வந்த பிரதீப்குமாருக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். தலையில் சைக்கிள் ஹெல்மெட். சைக்கிள் எதுவும் கிடையாது. ஹெல்மெட்டைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கட்டுகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. வாசல் மரத்தில் கூடு கட்டியிருந்த மேக்பை பறவை ஒன்று, குஞ்சு பொரிக்கும் காலத்தில் போகிறவர் தலையைப் பாய்ந்து கொத்தும் ஜாதி, கிளையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்குமான பன்னிரண்டு அடியையும் அவன் குனிந்தபடி ஓடிக் கடந்தான். காருக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“பாஸ், ஒரு பறவைக்கு இந்தப் பயம் பயப்படுற ஆளு துப்பாக்கிய வச்சுக்கிட்டு யாரைச் சுடப் போறாரு?”

“பயப்பிடுறவன்தான் துவக்குத் தேடுவான். காரை எடு” என்றார் சந்திரவதனா.

பிளாக்டவுனில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் பிரதீப்குமார் நுழைந்தான். வலது இடுப்பில் புடைப்பு இருந்தது. நவீன்ராஜ் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். உள்ளே போன பிரதீப்குமார் செய்ததெல்லாம் விநோதமாக இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் மேல் தட்டிலிருந்த ஓட்ஸ் டப்பாவை எட்டி எடுத்தான். பார்த்தான். திரும்ப வைத்தான். கீழ்த் தட்டுக்குக் குனிந்து நாய் பிஸ்கட்டை எடுத்தான், அதையும் திரும்ப வைத்தான். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தான், மறுபடி உட்கார்ந்து எழுந்தான். கட்டியே இருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டான்.

நவீன்ராஜுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓட்ஸ் டப்பா என்றால் சரக்கு வந்துவிட்டது, நாய் பிஸ்கட் என்றால் ஆபத்து, ஷூ லேஸ் என்றால் பின்வாசலுக்கு வா. துப்பாக்கி விற்கிறவன் எங்கோ நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அநேகமாக அந்தச் சாவி செய்கிற கடைக்காரனாக இருக்கலாம், முகமே சரியில்லை. இப்படி ஒரு பத்து நிமிடத்துக்குள் அந்த வளாகத்தில் இருந்த பாதிப் பேரை அவன் கடத்தல் கும்பலில் சேர்த்துவிட்டான்.

“பதினொரு வருசம் ஆக்கள் குனியிறதையும் நிமிருறதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்” என்றார் சந்திரவதனா. “இவன் ஒருத்தருக்கும் சைகை காட்டேல்லை. ஏதோ பரீட்சை செய்து பாக்கிறான்.”

அடுத்து பிரதீப்குமார் மேல்மாடிக்குப் போக நகரும் படியில் ஏறினான். இருவரும் பத்துப் படி தள்ளிப் பின்னால் ஏறினார்கள். நடுவழியில் அவன் திடீரென்று வலது இடுப்பைப் பிடித்தான். பிறகு தொடையைப் பிடித்தான். பிறகு முழங்காலைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே போகும்போது கால்சட்டையின் அடி வழியாகக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொருள் நழுவி வந்து, படிப்படியாக உருண்டு, நவீன்ராஜின் ஷூவில் முட்டி நின்றது.

நவீன்ராஜ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

சந்திரவதனா குனிந்து அதை எடுத்தார். வளைந்த கைப்பிடியும் நீண்ட முன்பக்கமுமாகத் துப்பாக்கி அளவில்தான் இருந்தது. ஆனால் அழுத்தினால் அமுங்கியது. டேப்பின் ஓரத்தை விலக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

“கையை இறக்கு. இது புளி” என்றார்.

டேப்பின் மேல் வெள்ளைப் பேனாவால், ‘நம்பர் 4 - 510 கிராம்’ என்று எழுதியிருந்தது. பட்டியலில் பச்சை அடித்திருந்த நான்காவது துப்பாக்கியின் எடையும் ஐந்நூற்றுப் பத்து கிராம்தான். அரைக் கிலோ புளி, பத்து கிராம் டேப். பிரதீப்குமார் எதையும் தோராயமாகச் செய்கிறவன் அல்ல.

*

மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேசையில் பிரதீப்குமாரை உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்கு முன்னால் புளி இருந்தது. முதலில் அவர்களைப் போலீஸ் என்று நினைத்து நடுங்கினான். போலீஸ் இல்லை என்று தெரிந்து தெளிந்தான். மனைவி அனுப்பிய துப்பறிவாளர் என்று தெரிந்ததும் போலீஸாகவே இருந்திருக்கலாம் என்று அவன் முகம் சொன்னது.

துப்பாக்கி எதுவும் தன்னிடம் இல்லை என்று சத்தியம் செய்தான். கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த எடை இடுப்பில் இருந்தால் நடக்க, குனிய, உட்கார முடிகிறதா, பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறதா என்று ஒத்திகை பார்த்தானாம். குனிதலில் ஃபெயில், உட்காருதலில் பாஸ், நகரும் படியை இன்றைக்குத்தான் முதல் தடவை சேர்த்தான். வாங்குவதற்கு முன்னால் பொருத்திப் பார்க்க வேண்டாமா என்று நியாயம் வேறு கேட்டான்.

நவீன்ராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேஸ் முடிந்தது, புளியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், ரசமாவது வைப்பார்கள் என்று எழுந்தான். சந்திரவதனா எழுந்திருக்கவில்லை.

“எந்த ஊர்?” என்று கேட்டார்.

“குவேக்கர்ஸ் ஹில்.”

“இப்ப இருக்கிற ஊரைக் கேக்கேல்லை. போகப்போற ஊர்.”

பிரதீப்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. “யார் சொன்னாங்க உங்களுக்கு?” என்றான்.

“நீங்கள்தான் எழுதி வச்சிருக்கிறீங்கள்.” காகிதத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தார். “ஜூனில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டி-ஷர்ட் சீசன் எண்டு போட்டிருக்கு. இஞ்ச ஜூனில நீங்கள் மங்கி குல்லா போடுறனீங்கள். மெட்ராஸிலயும் வெய்யில் ஏப்ரல், மே. பிறகு, வரி எட்டேகால். இந்த நாட்டில விலைக்குள்ளயே பத்து வீதம் சேர்ந்திருக்கும், தனியாக் கூட்ட ஒண்டுமில்லை. எல்லாத்துக்கும் மேல, சட்டப்படி ஓகே எண்டு ஆறுக்கும் அடையாளம் போட்டிருக்கிறீங்கள். நீங்கள் சட்டத்துக்குப் பயந்த ஆள். பறவைக்கே பயந்த ஆள். அப்ப, ஒளிச்சு வச்சிருக்கிறது சட்டப்படி சரியா இருக்கிற, ஜூனில வேர்க்கிற ஒரு ஊருக்குத்தான் இந்தத் துவக்கு.”

சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். பிரதீப்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல் டாக்டரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லும் குரலில், “ஹூஸ்டன்” என்றான்.

அதன் பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. சென்னையில் இருந்தபோதே இரண்டு தடவை அமெரிக்க விசாவுக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்து இரண்டு தடவையும் விழவில்லை. ஆஸ்திரேலியக் குடிமகனுக்கு மட்டும் அமெரிக்கா தனியாக ஒரு வேலை விசா தருகிறது, அதில் குலுக்கல் கிடையாது. ஆக, மிருணாளினி ஒன்பது வருடமாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்த ஊரில் அவன் ஒன்பது வருடமாக வண்டி மாறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை குடியுரிமை, அடுத்த வாரம் பாஸ்போர்ட், ஜனவரியில் ஹூஸ்டன். வேலை உறுதியாகிவிட்டது. கல்லூரி நண்பன் நித்தியானந்தன் அங்கே பதினாறு வருடமாக இருக்கிறான், அந்த நாட்டுக் குடிமகன். வந்த முதல் மாதம் கார், இரண்டாம் மாதம் துப்பாக்கி, இங்கே எல்லோரும் அப்படித்தான் என்று அவன் போனில் சொல்லியிருக்கிறான். பிரதீப்குமாருக்குத் துப்பாக்கி என்றாலே பயம். பயம் போக அவனுக்குத் தெரிந்த ஒரே வழி ஷீட் போடுவது.

இதற்குள் நவீன்ராஜ் செல்போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தான். “அண்ணே, தற்காலிக வேலை விசாவுல போறவங்களுக்கு அங்க துப்பாக்கி வாங்கவே பொதுவா தடையாம். உங்க கூட்டாளி சிட்டிசன், அவர் வாங்கலாம். நீங்க முடியாது லா. ஆறு டிக்கும் தப்பு” என்றான்.

பிரதீப்குமார் செல்போனை வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். இரண்டு மாத ஷீட், நான்கு சனிக்கிழமை, மூன்று பாக்கெட் புளி. அவன் உண்மையிலேயே கலங்கிப்போனது அந்த ஒரு நிமிடத்தில்தான். நவீன்ராஜுக்கே பாவமாகிவிட்டது.

மிருணாளினிக்கு ஹூஸ்டன் தெரியுமா என்று சந்திரவதனா கேட்டார். தெரியாது. வியாழக்கிழமை விழா முடிந்ததும், நல்ல ஓட்டலில் சாப்பிடவைத்து, சந்தோஷமான நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறானாம். அதுவரை இதை மறைத்துவிடும்படி கெஞ்சினான். துப்பாக்கி இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அவள் நிம்மதியாக இருப்பாள் என்றான்.

காலையில் தன் மேசைக்கு எதிரே மூச்சு வாங்கிய முகம் சந்திரவதனாவின் கண்ணுக்குள் வந்தது. அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் குரல் தணியும்.

“எனக்குக் காசு தாறது அந்தப் பிள்ளை. ஒரு மணித்தியாலம் தாறன். நீங்கள் சொன்னாச் சரி, சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

*

வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பிரதீப்குமார் புளியை வைத்ததும் மிருணாளினி முதலில் நம்பவில்லை. பிறகு டேப்பைப் பிரித்தாள். உள்ளே தன் வீட்டுப் புளி பாக்கெட்டைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வாரமாக அடக்கிவைத்த பயம் முழுக்கச் சிரிப்பாக வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிரதீப்குமாரும் கூடச் சிரிக்கப் பார்த்தான். காலணி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சந்திரவதனா அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

அவன் சொன்னான். ஹூஸ்டன், ஜனவரி, விசா, நித்தியானந்தன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் சிரிப்பு எந்த வார்த்தையில் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

வாயால் சொல்லிச் சமாளிக்க முடியாத இடத்தில் அவன் எப்போதும் செய்வதைச் செய்தான். லேப்டாப்பைத் திறந்து ஷீட்டைக் காட்டினான். துப்பாக்கி ஷீட் அதில் ஒரு சின்ன மூலைதான். வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, கோயிலுக்கு எத்தனை நிமிடம், இந்தியக் கடைக்கு எத்தனை நிமிடம் என்று வரிசையாகப் பதினான்கு இருந்தன. எல்லாம் போய்ச் சேர்கிற கடைசிப் பக்கத்தில் ஹூஸ்டனுக்கு எண்பத்தேழு மதிப்பெண், சிட்னிக்கு அறுபத்தொன்று. விளக்க ஆரம்பித்ததும் அவனுக்கு உற்சாகமே வந்துவிட்டது. எதிரே இருப்பவள் யார் என்பதை மறந்து ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டுபோனான்.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டாள் மிருணாளினி.

ஃபேமிலி என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தான். முதல் வரிசையில் அவளுக்கு ‘டிபெண்டன்ட் 1’ என்று பெயர். விசா விண்ணப்பத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று அவசரமாகச் சொன்னான். மருத்துவக் காப்பீடு, உண்டு. டிரைவிங் லைசென்ஸ், மாற்றிக்கொள்ளலாம். வேலை, பிறகு பார்க்கலாம். உடன் வருவாரா, ஆம்.

அவள் கடைசி இரண்டு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

“நான் மூணு தடவை எழுதின பரீட்சை இதுல எந்தக் கட்டத்துல இருக்கு?”

பிரதீப்குமார் நிஜமாகவே தேடினான். வலது பக்கம் நகர்த்திப் பார்த்தான், கீழே இறக்கிப் பார்த்தான். இல்லை.

“அங்க போனா நான் பல் டாக்டர் கிடையாதுங்க. மறுபடி ரெண்டு மூணு வருஷம் காலேஜுக்குப் போகணும், மறுபடி பரீட்சை, அதுவரைக்கும் மறுபடி யாருக்காவது குழாய் பிடிக்கணும். கிளினிக்ல எல்லாரும் வியாழக்கிழமைக்கு எனக்கு கேக் சொல்லியிருக்காங்க. நீங்க துப்பாக்கி வாங்கியிருந்தாக்கூட புத்தி கெட்டுப் போச்சுன்னு மன்னிச்சிருப்பேன். இதை நீங்க நல்ல புத்தியோட உட்கார்ந்து பண்ணியிருக்கீங்க.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நவீன்ராஜ் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஐந்து நிமிடம் முழுதாகப் பேசாமல் இருந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மிருணாளினி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ‘உடன் வருவாரா’ என்ற கட்டத்தில் இருந்த ஆம் என்பதை அழித்துவிட்டு, இல்லை என்று அடித்து, என்டர் தட்டினாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். ஹூஸ்டனுக்கு நேராக முப்பத்தேழு என்று இருந்தது.

பிரதீப்குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். கணக்கில் எங்கோ பிழை இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எண்பத்தேழு இப்படி ஒரே கட்டத்தில் விழக்கூடாது. ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் தேடிக்கொண்டுபோய், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று பல மாதங்களுக்கு முன்னால் தானே எழுதிவைத்திருந்த இடத்தில் வந்து நின்றான். சம்பளத்துக்குப் பத்து. வீட்டுக்கு எட்டு. துப்பாக்கிக்கு ஒன்று. அவள் கூட இருப்பதற்கு ஐம்பது.

“பிழை இல்ல. நான்தான் போட்டிருக்கேன்” என்றான் மெதுவாக.

“ஐம்பதுன்னு போடத் தெரிஞ்சுது. கேக்கத் தெரியல.”

சிட்னி அறுபத்தொன்றிலேயே அசையாமல் நின்றது. அவன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஹூஸ்டன் கம்பெனிக்கு வரவில்லை என்று ஒரு மெயிலை அவள் பார்க்கவே எழுதி அனுப்பினான். அதற்குப் பிறகு ஷீட்டுக்குத் திரும்பி வந்தான். சந்திரவதனா சத்தம் போடாமல் கதவைத் திறந்து, நவீன்ராஜை முன்னால் தள்ளிவிட்டு, தானும் வெளியேறினார். அவர்கள் போனது உள்ளே இருந்த இருவருக்கும் தெரியாது.

“சேவ் பண்ணட்டுமா?” என்று கேட்டான் பிரதீப்குமார்.

ஒன்பது வருடத்தில் எந்த ஷீட்டுக்கும் அவன் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டதில்லை.